படிவத்தில் வெறுமையாக விட்ட ஒரு கட்டம்: "கிறிஸ்துவுக்குள் நான் யார்" என்பதை எப்படிச் சொல்வது?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையில் இருந்துவரும் குடும்பத்தில் பிறந்தவன். எட்டு ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் அம்மா கேட்டுக்கொண்டதற்காக, இங்குள்ள ஒரு சபையின் திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்ய ஒரு படிவத்தை வாங்கி நிரப்பினேன். பெயர், படிப்பு, சம்பளம், உயரம், ஞானஸ்நானம் பெற்ற நாள், திடப்படுத்தல் பெற்ற ஆண்டு என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஞானஸ்நானம் பெற்ற நாள் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். கடைசியில் 'உட்பிரிவு' என்று ஒரு கட்டம் இருந்தது. கத்தோலிக்கரா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்துப் பேனாவை வைத்த பிறகுதான், அதற்கான கட்டத்தை மேலேயே நிரப்பிவிட்டது நினைவுக்கு வந்தது. இது சாதியைக் கேட்கும் கட்டம். எதுவும் எழுதாமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மையத்தில் சேவை செய்யும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் அன்பானவர், குரலில் எந்தக் கடுமையும் இல்லை. "எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுட்டீங்களே, அதை வச்சுத்தானே எந்த வீட்டுக்குக் காட்டணும்னு நான் பார்க்கணும்" என்றார். "கிறிஸ்தவன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, ஐயா" என்றேன். "அது எல்லாருந்தானே தம்பி" என்றார்.

அந்தப் பதில் மூன்று வாரங்களாக என்னை விட்டுப் போகவில்லை. என் தனி அடையாளம் கிறிஸ்துவுக்குள் இருக்கிறது என்று வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நானே பேசியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் சபையில் அந்தச் சொல், எல்லோருக்கும் பொதுவாக இருப்பதாலேயே யாரையும் குறிக்காத சொல்லாகிவிட்டது. ஒருவனை இன்னான் என்று காட்டுவதற்கு வேறொன்று தேவைப்படுகிறது. அப்படியானால் அந்தப் போதனை பிரசங்க மேடைக்கு மட்டும் உரியதா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரியில் சேரும்போது சாதிச் சான்றிதழைக் கொடுத்துத்தான் சேர்ந்தேன். அங்கே நிரப்பியவன், இங்கே நிரப்ப மறுப்பது நேர்மையா, அல்லது எனக்கு வசதியான இடத்தில் மட்டும் நான் காட்டும் வீம்பா என்று தெரியவில்லை. அம்மாவோ இரண்டு நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. வேதத்தையும் நம் சபை வரலாற்றையும் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாயிருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஐயர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எங்கள் பக்கத்தில் போதகரை 'ஐயர்' என்று அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பெயரிலேயே இங்கு எழுதுகிறேன். பல சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளில், 34 ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். அத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான திருமணங்களுக்கு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்திருக்கிறேன். அவற்றில் சாதி கடந்த திருமணங்களை எண்ண எனக்கு இரண்டு கை விரல்கள் போதும். உங்களுக்கு விடை சொல்லுமுன் இதை ஒப்புக்கொள்வது என் கடமை.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனமடைந்தவன், இஸ்ரவேல் வம்சத்தான், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன், நியாயப்பிரமாணத்தின்படி பரிசேயன் என்று பவுல் அடுக்குகிறார். நீங்கள் நிரப்பிய படிவத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை: பிறப்பு, குலம், கோத்திரம், படிப்பு, சமயக் கட்சி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு கட்டத்தைக்கூட அவர் விடவில்லை. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கிறிஸ்துவை அறிகிற அறிவின் மேன்மைக்காக அவை அனைத்தையும் குப்பையென்று எண்ணுகிறேன் என்கிறார். தம்முடைய பிறப்பை அவர் மறைக்கவில்லை என்பதையும், அதைத் தமக்கு லாபமாக எண்ண மறுக்கிறார் என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

உங்கள் சான்றிதழைப் பற்றிய மனவருத்தத்துக்கும் அவரிடமே பதில் இருக்கிறது. எருசலேமில் அவரை வாரினால் கட்டிச் சவுக்கால் அடிக்கப் போகும்போது, ரோமனாகிய என்னை நியாயம் விசாரியாமல் அடிக்கலாமோ என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்கிறார். அரசின் ஏட்டில் உள்ள ஒரு பெயரை, அநியாயத்தைத் தடுப்பதற்காகத் தயக்கமின்றி எடுத்துப் பயன்படுத்துகிறார். ஆனால் தாம் எழுதிய எந்தச் சபைக்கும் 'ரோமனாகிய பவுல்' என்று அவர் கையெழுத்திடவில்லை. கல்லூரியில் நீங்கள் கொடுத்தது அரசின் ஏடு. பின்தங்கியிருந்தவர்களுக்கு வழிவிடுவதற்காக அரசு கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுத்தீர்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள் யார் வீட்டுக்கு யார் பெண் கொடுக்கலாம் என்று பிரிப்பதற்காகக் கேட்கும் கேள்வி முற்றிலும் வேறானது. இரண்டையும் ஒன்றாக எண்ணி உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

இந்தப் போதனை மேடைக்கு மட்டும் உரியதா என்று கேட்டீர்கள். பவுலுக்கு இது மேடைப் பேச்சாக இருந்திருந்தால், அந்தியோகியாவில் பேதுருவோடு முகமுகமாய் எதிர்த்து நின்றிருக்க மாட்டார். பேதுரு அங்கே தவறான உபதேசம் எதையும் செய்யவில்லை. புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியைவிட்டு மெல்ல விலகிக்கொண்டார், அவ்வளவுதான். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நீர் சரியாக நடக்கவில்லை என்று எல்லோருக்கும் முன்பாகவே பவுல் சொன்னார். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்ற புகழ்பெற்ற வசனம் அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. ஒரு சாப்பாட்டுப் பந்தியில் நடந்த சச்சரவைத் தொடர்ந்து எழுதப்பட்ட வசனம் அது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நம் வரலாற்றில் இந்தச் சச்சரவு ஒருநாளும் ஓயவில்லை. 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலத்தை ஒட்டியே, ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் புகுந்துவிட்டது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் (பேராயர்) டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில், இரு சாதியாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கால்களைப் போலப் பிரிந்த கட்டடமும் நடுவே சுவரும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. நம்மிடம் இப்போது கல்லில் கட்டிய சுவர் அநேகமாக இல்லை. உங்கள் படிவத்தில் இருக்கும் கட்டம் அதே சுவர்தான், காகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனாலும் எதிர்க்கிற ஒன்றும் நம்மிடமே இருக்கிறது. நம் ஊர்களில் நடக்கும் அசனப் பண்டிகையைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற வெண்கலப் பானைகளில் சோறு வெந்து, வடித்த சோற்றை ஓலைப் பாயில் மலைபோல் கொட்டி, ஐயர் ஜெபித்த பிறகு ஊரே ஒன்றாகத் தரையில் உட்காரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்காமல் சாப்பிடுவதுதான் அந்தப் பண்டிகையின் சாரம். என் முதல் சேகரத்தில் ஓர் ஆண்டு, வசதியான சில வீட்டார் அசனச் சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பந்தியில் உட்காரவில்லை. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தியோகியாவைப் பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கித்திருக்க வேண்டும். இளவயது, சேகர கமிட்டிக்குப் பயந்தேன். உங்களுக்கு இதை எழுதும்போது அந்த வாளிகள்தான் கண்முன் நிற்கின்றன.

பதில் 2: மூன்று பிள்ளைகளின் தகப்பன்

ஐயருக்கும் தம்பிக்கும் வணக்கம். நான் இதற்கு மாறாகச் சிந்திக்கிறவன் என்பதால் என் பக்கத்தையும் மரியாதையோடு வைக்க விரும்புகிறேன். எனக்குத் திருமண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் கட்டத்தை நான் நிரப்பித்தான் கொடுத்தேன். யாரையும் தாழ்வாக எண்ணி நிரப்பவில்லை. எங்கள் சாப்பாடு, பேச்சு, கல்யாணச் சீர்முறை, சாவு வீட்டு முறை எல்லாம் தெரிந்த குடும்பத்துக்குள் போனால் என் மகள் கஷ்டப்படாமல் இருப்பாள் என்ற எண்ணம்தான். அவளுக்கு நாளை ஒரு பிரச்சினை என்றால் போய் நின்று பேசுவதற்குச் சொந்தபந்தம் இருக்கும். விசுவாசம் வேறு, உறவுமுறை வேறு என்றுதான் எங்கள் தகப்பன்மார் சொல்லி வளர்த்தார்கள். வெளிப்படுத்தின விசேஷத்திலும் சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்த திரள் கூட்டம் சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கிறது அல்லவா? கோத்திரம் பரலோகத்தில்கூட அழிந்துபோகவில்லையே. பிறப்பை மதிப்பது பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்? உண்மையிலேயே விளங்கிக்கொள்ளவே கேட்கிறேன்.

பதில் 3: வடக்குத்தெரு ஆசிரியை

நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் ஆசிரியை. முதலில் தகப்பனாராக எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளின்மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தில் நீங்கள் காட்டிய அந்தத் திரள் கூட்டம் ஒரே இடத்தில், ஒரே வெள்ளை அங்கி தரித்து, ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறது. கோத்திரங்கள் அங்கே வருகின்றன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வரவில்லை. மொழியும் சமையலும் பாட்டும் பிறப்போடு வரும் செல்வங்கள் என்றால் நான் உங்களோடு முழுமையாக உடன்படுவேன். சாதி அப்படிப்பட்ட வேறுபாடு மட்டும் அன்று. ஒருவர் மேலே என்று சொல்வதற்கு இன்னொருவர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. அந்தக் கீழே என்ற இடத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் திருவிழாவின்போது மாதாவின் தேர் மூன்று தெருக்களைச் சுற்றி வரும். எங்கள் தெருவின் முனையில் அது திரும்பிவிடும். சிறுமியாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு அந்த முனையில் வந்து நிற்போம். என் பாட்டி தேர் திரும்பும் வரை ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருப்பார். திரும்பிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாதா நம்மளப் பார்த்துட்டுத்தான் போறா" என்பார். பாட்டியை அடக்கம் செய்தது தனிக் கல்லறைத் தோட்டத்தில். ஞானஸ்நானமும் புதுநன்மையும் ஒரே கோயிலில் பெற்றவருக்கு, மண்ணில் மட்டும் வேறு இடம்.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பி, "சமூகம் கொடுத்த அடையாளத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துவுக்குள் அடையாளம் தேடு" என்று யாராவது சொன்னால், அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பேன். மேலே இருப்பவர் தம் பட்டத்தை விட்டால் அவருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. வீடும் நிலமும் பழக்கமும் கூடவே இருக்கும். எங்களை அப்படிச் சொன்னவர்கள் அநேகமாகத் தேரை எங்கள் தெருவுக்குள் விடாதவர்களாகவே இருந்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற அதே வாசகம், எங்கள் விஷயத்தில் எங்கள் வாயை அடைக்கப் பயன்பட்டது.

சட்டமும் இதே வாசகத்தைத்தான் எங்களிடம் சொல்கிறது. 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சார்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்கிறது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்துத் திருத்தினார்கள்; கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். சமயத்தோடு இதைப் பிணைக்கக் கூடாது என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதாவது ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள்மேல் பட்டவுடன் தீண்டாமை கழுவப்பட்டுவிட்டது என்று அரசு நம்புகிறது. எங்கள் ஊர்த் தேர் அப்படி நம்பவில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதியது.

இவ்வளவும் சொன்னபின், நான் எதில் நிற்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்களிடம் வந்தபோது அவருடைய கைகளிலும் விலாவிலும் காயங்கள் அப்படியே இருந்தன. மரணத்தை வென்ற உடலில் அந்தத் தழும்புகளை வைத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தோமாவோ, அவர் முகத்தைப் பார்த்து அல்ல, அந்தக் காயங்களைப் பார்த்துத்தான் "என் ஆண்டவரே, என் கடவுளே" என்றார். 'தலித் கிறிஸ்தவர்' என்று நான் என்னை அழைத்துக்கொள்வது இந்த அர்த்தத்தில்தான். முதல் சொல் எனக்குச் செய்யப்பட்டதைச் சொல்கிறது. இரண்டாம் சொல் நான் யாருடையவள் என்று சொல்கிறது. முதல் சொல்லை மறைத்தால் காயமே இல்லை என்று ஆகிவிடும். இரண்டாம் சொல்லை விட்டால் காயம் மட்டுமே நான் என்று ஆகிவிடும். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயாவில் வரும் வசனம் அடிமைத்தனத்தில் கிடந்த மக்களுக்குச் சொல்லப்பட்டது என்பதால், அதை நான் எனக்குச் சொல்லப்பட்டதாகவே வாசிக்கிறேன். என்னைப் பார்த்துத் தெருவின் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் உண்டு. என் பெயரைச் சொல்லி முதலில் அழைத்தவர் அவர்தான்.

தம்பி, நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். உங்கள் கட்டத்தை வெறுமையாக விடுவது நல்லது. ஆனால் வெறுமையாக விட்ட பிறகு வரும் வரன்களில், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அந்த வீட்டு வாசற்படியில் ஏறித் தண்ணீர் வாங்கிக் குடிக்க உங்கள் வீட்டார் தயாராக இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 4: ரூத் வாசகி

ஆசிரியை அக்கா எழுதியதைப் படித்த பிறகு நானும் ஒன்று சொல்லத் துணிந்தேன். சாதி மட்டுமன்று, வேறு பெயர்களும் இப்படி மனிதரை விழுங்கிவிடுகின்றன. என் கணவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சபையில் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆயினும் என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில், மோதிரத் தட்டை எடுத்துக் கொடுக்க நான் கை நீட்டியபோது ஒரு பெரியம்மா என் கையை மெதுவாகப் பிடித்து, "நீ ஜெபம் பண்ணிக்கோம்மா, அதை அவ எடுத்துக் குடுப்பா" என்றார். ஜெபத்துக்கு உதவும் கை தட்டுக்கு உதவாது என்பது எந்த வேதாகமத்தில் இருக்கிறது என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

அதன் பிறகுதான் பாளையங்கோட்டை குளோரிந்தாவைப் பற்றித் தேடிப் படித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் பாளையங்கோட்டைக்கு வந்தவர். மணமாகாமல் அவரோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். விதவை, சாதியை இழந்தவர், அந்நியனோடு வாழ்ந்தவர் என்று அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை இழிபெயர்கள் உண்டோ அத்தனையும் அவருக்கு இருந்தன. அந்தப் பெண்தான் அங்கே சிறு சபை ஒன்று கூடக் காரணமானார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள்; 1785இல் கோட்டைக்குள் அவர் எழுப்பிய ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஆனால் அந்த ஆலயத்தை ஊர் மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் தெரியுமா? 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. தம் பிறப்பைவிட்டு வெளியே வந்தவரின் கோயிலுக்கே அந்தப் பிறப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது. பிறகு, ஊர் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அவர் தம் வேலையைச் செய்து முடித்தார் என்பதை எண்ணிக்கொண்டேன். ஊர் அழைப்பதை நம்மால் நிறுத்த முடியாது; நாம் எந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறோம் என்பது நம்மிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் சபையில் திருமணம் என்றால் நான் முன்வரிசையில் உட்காருகிறேன். தம்பி உங்கள் திருமணத்தில் தட்டை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், வருகிறேன்.

பதில் 5: ஓய்வுபெற்ற ஐயர்

ஆசிரியை அம்மா சொன்னது என் பதிலில் இருந்த குறையைத் திருத்திவிட்டது. பவுல் தம்முடைய மேன்மைகளைக் குப்பையென்றார். பிறர்மேல் சுமத்தப்பட்ட இழிவைக் குப்பையென்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒநேசிமு என்ற அடிமைக்காக எழுதும்போது, அவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் உனக்குக் கடன்பட்டது ஏதாவது இருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள் என்று எஜமானுக்கே எழுதினார். பெயர் மாறும்போது கணக்கும் மாற வேண்டும், அந்தக் கணக்கை யாராவது ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இதை நான் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

தகப்பனாராக எழுதிய நண்பருக்கு ஒன்று. மகளுக்குப் பிரச்சினை வந்தால் போய் நின்று பேச ஆள் வேண்டும் என்ற உங்கள் கவலை மிகவும் நியாயமானது. அந்த ஆளாக இருக்க வேண்டியது சபை. நாங்கள் போதகர்கள் அப்படி ஒரு சபையை உங்களுக்குக் கட்டித் தரவில்லை என்பதால்தான் நீங்கள் சாதியைத் துணையாகத் தேடுகிறீர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சராகி, மொழியும் சாதியும் வேறான தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்குப் போய், மாலா, மாதிகா என்னும் தலித் மக்களின் நடுவே 1945இல் இறக்கும் வரை ஊழியம் செய்தார். அத்தியட்சராவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1910இல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமாரைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டவரும் அவரே. அவர்களிடம் தாம் கேட்டதை, தம் சொந்த மக்களைவிட்டுப் போய் வேறு மக்களுக்கு அவரே கொடுத்தார். உங்கள் மகளுக்கு நல்ல துணை கிடைக்க நானும் ஜெபிக்கிறேன்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று. ஞானஸ்நானம் கொடுக்கும்போது, இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்று போதகர் கேட்பார். அந்த ஒரு பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் வார்ப்போம்; தகப்பன் பெயரோ, ஊர் பெயரோ, வேறெதுவுமோ அதில் சேராது. யோர்தானிலும் அப்படியே. ஒரு அற்புதமும் செய்யாமல், ஒரு பிரசங்கமும் பண்ணாமல், ஜனங்களோடு வரிசையில் நின்று தண்ணீரில் இறங்கியவரைப் பார்த்துத்தான் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் உண்டாயிற்று. "அது எல்லாருந்தானே" என்று அந்தப் பெரியவர் சொன்னதை நினைத்து நீங்கள் மனம் தளர்ந்தீர்கள். எல்லோருக்கும் கிடைத்தது என்பதால் அது சிறியது ஆகிவிடாது.

பொருநைக்கரை

ஐயருக்கும், அக்காமார் இருவருக்கும், மனம் திறந்து எழுதிய அண்ணனுக்கும் என் நன்றி. ஆசிரியை அக்கா கேட்டது சரியான இடத்தில் குத்தியது. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் என்ற அந்த வரியை நான் என்னிடமே கேட்டபோது, உடனே ஆம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கணம் தயங்கினேன். நான் கட்டத்தை வெறுமையாக விட்டபோது, என் வீட்டை ஒத்த ஏதோ ஒரு வீடே மனத்தில் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் படிவத்தின் நகலைக் கொடுத்து, ஐயர் எழுதியதையும் ஆசிரியை அக்கா எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். தேர் திரும்பிப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு படிவத்தை வாங்கிப் பார்த்து, "ஞானஸ்நானத் தேதியையும் எழுதலையே, அதைக் கூடவா மறைப்ப?" என்றார். தெரியாது என்றேன். உள்ளே போய், தகரப் பெட்டியின் அடியில் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த சான்றிதழை எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் டேப் ஒட்டியிருந்தது. தேதி, என் பெயர், அப்பாவின் பெயர், அவருடைய தொழில் என்ற இடத்தில் 'தையல்', கீழே ஞானப் பெற்றோர் பெயர்கள்.

ஞானத்தாய் என்ற இடத்தில் இருந்த பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. யாரம்மா இது என்று கேட்டேன். நான் பிறந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருந்தவராம். கீழத்தெருக்காரர். பிரசவத்தில் அம்மாவுக்குக் கஷ்டமாகி, இரவு முழுவதும் கூடவே உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார். ஞானத்தாயாக அவர்தான் நிற்க வேண்டும் என்று அம்மாவே அப்போது அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தாராம். பெரியப்பா ஞானஸ்நானத்துக்கு வரவில்லையாம். அதன் பிறகு போக்குவரத்து எப்படி நின்றது என்று கேட்டதற்கு அம்மா சரியாகப் பதில் சொல்லவில்லை. நின்றுபோச்சு என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் இப்போதும் இருக்கிறார், கண் மங்கிவிட்டது என்கிறார்கள். படிவத்தில் தேதியை எழுதிவிட்டேன். மற்றக் கட்டம் அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழத்தெருவுக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.